ரெண்டு நாளா, அரை மணி நேரமா? பாக்டீரியாவை உயிரோட பார்க்கும் கதை

யூரின் இன்ஃபெக்‌ஷன்னு டாக்டர்கிட்ட போறீங்க. கல்ச்சர் டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறார். லேப்ல கேட்டா, "ரிப்போர்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும்"னு சொல்றாங்க. ஆனா எரிச்சல் அதுவரைக்கும் காத்திருக்காது. அதனால ஆன்டிபயாட்டிக் அன்னைக்கே ஆரம்பிச்சாகணும்.

அப்போ அந்த மாத்திரையை எதை வச்சு எழுதுறாங்க? அனுபவத்தை வச்சு. இந்தத் தொற்றுக்குப் பொதுவா எது கேட்கும்ங்கிற கணக்கை வச்சு. பல தடவை அது சரியா இருக்கும். சில தடவை உங்க உடம்புல இருக்கிற பாக்டீரியா அந்த மருந்துக்கு மசியாது. 2019-ல மட்டும், மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால நேரடியா இறந்தவங்க உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர்னு லான்செட் இதழ்ல வந்த ஆய்வு சொல்லுது. இங்க ஒரு நாள் தாமதம்கூட சின்ன விஷயம் இல்ல.

சரி, ஏன் ரெண்டு நாள்? ஈகோலை பாக்டீரியா ஒண்ணோட நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். அது வெறும் கண்ணுக்குத் தெரியணும்னா, தட்டுல லட்சக்கணக்கில் பெருகி ஒரு புள்ளியா மாறணும். அதுக்கே ஒரு ராத்திரி போயிடும். அப்புறம் அதை எடுத்து மருந்தோட இன்னொரு தட்டுல வளர்க்கணும். அதுக்கு இன்னொரு ராத்திரி. நாம காத்திருக்கிறது பாக்டீரியாவுக்காக இல்ல, நம்ம கண்ணுக்காக!

ஆனா நல்ல உணவு கிடைச்சா ஈகோலை 20 நிமிஷத்துல ரெண்டா பிரியும். ஒத்தை செல்லையே நேரா பார்த்தா, அது வளருதா நிக்குதான்னு நிமிஷக் கணக்குல தெரிஞ்சிடும் இல்லையா?

இதுல ரெண்டு சிக்கல். முதலாவது, பாக்டீரியா கண்ணாடி மாதிரி. ஒளி அப்படியே ஊடுருவிப் போயிடும். சாயம் போட்டுப் பார்க்கலாம், ஆனா வழக்கமான சாய முறைகள்ல செல் செத்துப்போகும். இதுக்கு வழி கண்டுபிடிச்சவர் டச்சு இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் செர்னிக்கே. செல்லுக்குள்ள புகுந்து வர்ற ஒளி, வெளிய வர்ற ஒளியைவிடத் துளி பிந்தும். அந்தப் பிந்தலை வெளிச்ச வித்தியாசமா மாத்துறதுதான் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப். 1953-ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது.

ரெண்டாவது, பாக்டீரியா ஒரு இடத்துல நிக்காது, நீந்திப் போயிடும். ஸ்வீடன்ல உப்சாலா பல்கலைக்கழகத்துல யோஹான் எல்ஃப் குழு இதுக்கு ஒரு சிப் செஞ்சாங்க. அதுல ஒரு பாக்டீரியா நுழையுற அளவுக்கு மெல்லிய சந்துகள், ஆயிரக்கணக்கில். செல் உள்ளே போய் மாட்டிக்கும், திரவம் மட்டும் வடிஞ்சு போகும். ஒரு பக்கம் உணவு மட்டும், இன்னொரு பக்கம் உணவோட ஆன்டிபயாட்டிக். ரெண்டு பக்கமும் செல்கள் எவ்வளவு வேகமா நீளுதுன்னு கேமரா அளக்கும். ஒவ்வொரு செல்லும் தன் இஷ்டத்துக்கு வளரும், ஒண்ணை மட்டும் நம்ப முடியாது. ஆனா நூத்துக்கணக்கான செல்லோட சராசரி எடுத்தா வித்தியாசம் சீக்கிரமே தெரிஞ்சிடும். 30 நிமிஷத்துக்குள்ள பதில் சொல்லலாம்னு 2017-ல காட்டினாங்க. அதுல இருந்து உருவான கருவிதான் 2024-ல 80 லட்சம் பவுண்ட் லாஞ்சிடியூட் பரிசை ஜெயிச்சது.

மருந்து பட்டதும் என்ன நடக்குதுன்னு பார்த்தா மிரண்டு போவீங்க. ஆம்பிசிலின் செல் சுவர் கட்டுற வேலையைக் கெடுக்கும். செல் ஒரு இடத்துல பலூன் மாதிரி புடைச்சு, பட்டுனு வெடிக்கும். செஃபலெக்சின் போட்டா பிரிய முடியாம, இடியாப்ப இழை மாதிரி நீண்டுக்கிட்டே போகும்.

ஆனா எல்லாமே சாகாது. 1944-லயே ஜோசஃப் பிக்கர், பென்சிலின் போட்ட பிறகும் கொஞ்சம் ஸ்டாஃபிலோகாக்கஸ் பிழைக்குதுன்னு கண்டு, அதுங்களுக்கு 'பெர்சிஸ்டர்'னு பேர் வச்சார். அது எப்படிப் பிழைக்குதுன்னு 60 வருஷம் கழிச்சு, 2004-ல, நதாலி பாலபன் குழு ஒத்தை ஒத்தை செல்லா மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க. பிழைச்சது எல்லாம் மருந்து வர்றதுக்கு முன்னாடியே வளர்ச்சியைக் குறைச்சு மந்தமா கிடந்தவை! ஆம்பிசிலின் வளர்ற செல்லைத்தான் தாக்கும். மருந்து போனதும் இதுங்க எழுந்து திரும்பவும் பெருகும். அந்தப் பிள்ளைகள் அதே மருந்துக்கு மறுபடியும் சாகும். அதாவது இது மரபணு மாறி வந்த எதிர்ப்பு இல்ல, தூங்கித் தப்பிச்சது. தட்டுல புள்ளிகளை மட்டும் எண்ணிக்கிட்டு இருந்தா இது தெரிஞ்சே இருக்காது.

இந்தக் கருவி எல்லா ஊர் கிளினிக்குக்கும் வர்ற வரைக்கும் நாம செய்யக்கூடியது ரெண்டு. கல்ச்சர் டெஸ்ட் எழுதினா, முதல் மாத்திரை போடுறதுக்கு முன்னாடி சாம்பிளைக் கொடுத்திடுங்க. மருந்து உள்ளே போன பிறகு கொடுத்தா, இருக்கிற பாக்டீரியாவும் தட்டுல வளராம போகலாம். ரெண்டாவது, போன தடவை மிச்சமான ஸ்ட்ரிப்பைத் தேடி எடுத்து நீங்களா போடாதீங்க, ஃப்ரெண்டுக்கும் கொடுக்காதீங்க. அந்த மருந்து உங்களுக்கு இப்ப கேட்குமான்னு பாக்டீரியாவைத்தான் கேட்கணும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.