சுபுஹுக்குப் பின் எங்கே நடப்பது?

(வால்பாறையில் நமது அறக்கட்டளை நடத்திய முதியோர் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



"காலையில் நடங்கள்" என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். கோவைக்காரருக்கு ரேஸ்கோர்ஸ் சாலை இருக்கிறது. நாம் சுபுஹு தொழுதுவிட்டு வெளியே வந்தால் இருட்டு, தேயிலைக்குள் சிறுத்தை. யானை வந்திருந்தால் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்துத் திரும்பிவிடுகிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் விடாது. ஆகவே சமவெளி யோசனை அப்படியே நமக்குப் பொருந்தாது.

ஆயுள் முழுக்கக் கொழுந்துப் பையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கிய பெண்மணி, ஓய்வு பெற்ற மறுநாள் கட்டிலில் உட்காருகிறார். "பாடுபட்டது போதும், உட்காருங்கம்மா" என்று பிள்ளைகளும் பாசத்தோடு சொல்கிறார்கள். அந்தப் பாசம்தான் காலை முடக்குகிறது. வேலை கொடுக்காத தசை முதுமையில் வேகமாகக் கரையும். முதலில் தொடை வலு போகும். பிறகு கழிப்பறைக்குப் போகவும் மருமகளைக் கூப்பிட வேண்டிவரும். ஈரப்படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், 40 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிப் பொள்ளாச்சிக்கு இறங்க வேண்டும். வண்டி வாடகைக்கு அறக்கட்டளை உதவலாம். பழைய நடையை யார் தருவது?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது இரண்டு. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடலை இயக்க வேண்டும். அதோடு வாரம் 3 நாளாவது வலுவும் சமநிலையும் தரும் பயிற்சி வேண்டும். இரண்டாவதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். நமக்கோ அதுதான் எளிது, வீட்டுக்குள்ளேயே முடியும். நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பிடித்தபடியே ஒற்றைக் காலில் பத்து விநாடி நில்லுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். நெஞ்சு வலி, தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்கட்டும். படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை உண்டு. சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.

பள்ளிவாசலில் நாற்காலிகள் பெருகிவிட்டன. இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகை அது. யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் கடைவீதி முழுக்க நடந்துவிட்டு வந்து நாற்காலி தேடுகிறவர், மருத்துவரிடமும் ஆலிமிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். தரையிலிருந்து எழும் பழக்கம் விட்டுப்போனால் மீட்பது கடினம். (தொழுகை இபாதத். அதை உடற்பயிற்சி என்று விளம்பரம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.)

இனி ஞாயிறு, செவ்வாய், வியாழன் காலை 10 மணிக்கு நம் கூடத்தில் பயிற்சி நடக்கும், இன்ஷா அல்லாஹ். தாய்மார்களுக்கு மாடியில் அல்ல, கீழ் அறையிலேயே தனி இடம். கால் ஆடாத நாற்காலிகள் 12 தேவை. தர விரும்புவோர் அலுவலகத்தில் சொல்லுங்கள். வஸ்ஸலாம்.