இடிப்பதற்கு முன் ஒரு முட்டு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சுவரில் விரிசல் கண்டதும் வீட்டையே இடிக்கச் சொல்கிற என்ஜினியரை யாரும் இரண்டாவது தடவை கூப்பிட மாட்டாங்க. முதலில் முட்டுக் கொடுப்போம். விரிசல் எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். குடும்பத்தில் விரிசல் விழுந்தால் மட்டும், "பிள்ளையை ஏதாவது ஹோமில் சேர்த்துடுங்க" என்கிறோம்.

அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரில், 1974-ல் இதற்கு மாற்று வழி ஒன்றைத் தொடங்கினார்கள். பெயர் ஹோம்பில்டர்ஸ். பிள்ளையைப் பிரிக்கும் நிலைக்கு வந்துவிட்ட குடும்பமா? தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் பணியாளர் வீட்டுக்கே போவார். ஒருவர் பொறுப்பில் ஒரு சமயத்தில் இரண்டே குடும்பங்கள். 4 முதல் 6 வாரம். வாரத்துக்கு 8 முதல் 10 மணி நேரம். ராத்திரி 2 மணிக்குப் போன் வந்தாலும் எடுக்கணும். கோபத்தை அடக்கக் கற்றுக்கொடுப்பதோடு, அடுப்படியைச் சுத்தம் செய்யவும் கூட நிற்பார்.

எல்லா இடத்திலும் இது பலித்ததா என்றால், இல்லை. இல்லினாய் மாநிலத்தில் நடந்த இதுபோன்ற திட்டத்தால் பிள்ளைகள் பிரிக்கப்படுவது குறையவில்லை என்று 1994-ல் வெளியான ஆய்வு சொன்னது. முட்டு எங்கே, எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கணும். உயிருக்கே ஆபத்தான வீட்டிலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவருவதுதான் நியாயம்.

நம் நாட்டின் 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டமும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்றே சொல்கிறது. கணவரை இழந்த தாய், கடும் நோயில் விழுந்த பெற்றோர் போன்றோரின் பிள்ளைகள் வீட்டிலேயே வளர, மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு 2022-ல் வந்த மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதலில் இடமுண்டு. ஆனால் பணம் மட்டும் குடும்பத்தைத் தாங்காது. படியேறிப் போய், விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அடுத்த வாரமும் வந்து விசாரிக்க ஆள் வேணும்.

பிறந்தநாளுக்கு இல்லங்களில் சாப்பாடு போடுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பந்தியில் உட்காரும் பிள்ளைகள் பலருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்காங்க. வறுமையும் நோயும்தான் அவர்களைப் பிரித்தன.

நம் சங்கம் புதுக் கட்டடத்துக்கு நிதி தரும் முன், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை ஒரு முறை அணுகட்டும். இந்த ஊரில் பிரியும் நிலையில் உள்ள நாலு குடும்பங்களுக்கு என்ன தேவை என்று கேட்போம். நிதியை நாங்கள் திரட்டுகிறோம். முறையான பயிற்சி பெற்று வீடு தேடிப் போகத் தம்பி தங்கைகள் முன்வாருங்கள்.