மூன்று விநாடி காத்திருப்போம்

(காரைக்கால் மாவட்டம் நெரவியில், இளம் மழலையர் வகுப்புகளைக் கையாளும் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அங்கன்வாடிப் பணியாளர்கள், பாலசேவிகாக்கள், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் என மூன்று தரப்பினரும் ஒரே அறையில் கூடியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020, 3 வயது முதல் 8 வயது வரையுள்ள பருவத்தை ஒரே அடித்தள நிலையாகப் பார்க்கிறது. ஆகவே இன்று பேசப்போவது நம் எல்லோருக்கும் பொதுவானது.

நம் வகுப்புகளில் பேச்சுக்குக் குறைவே இல்லை. "இது என்ன நிறம்?" "சிவப்பு." "வெரிகுட். இது என்ன பழம்?" "மாம்பழம்." "எல்லாரும் கை தட்டுங்க." காலையிலிருந்து மாலைவரை தொண்டை வறளப் பேசுகிறோம். ஆனால் பிள்ளை பேசியது எவ்வளவு? கேள்விக்கு ஒரு சொல். அந்தச் சொல்லும் நமக்கு முன்பே தெரிந்ததுதான். தெரிந்ததைக் கேட்பதற்குத் தேர்வு என்று பெயர். நமக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளையிடம் கேட்கும்போதுதான் உரையாடல் தொடங்குகிறது.

"இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் பேசிப் பழக்கம் இல்லை, பெற்றோர் படிக்காதவர்கள்" என்று ஆசிரியர் அறைகளில் அடிக்கடி சொல்கிறோம். இதே எண்ணம் மற்ற நாடுகளிலும் இருந்தது. பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் லண்டனில் நான்கு வயதுச் சிறுமிகள் 30 பேரின் பேச்சை மழலையர் பள்ளியிலும் வீட்டிலும் பதிவு செய்து, 1984இல் நூலாக வெளியிட்டார்கள். வீட்டில் ஒரு பிள்ளை மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்டது. பள்ளியில் அது 2 ஆகக் குறைந்தது. உழைக்கும் மக்கள் வீடுகளிலும் தாய்க்கும் மகளுக்கும் இடையே வளமான பேச்சு நடந்ததை அவர்கள் கண்டார்கள். வீட்டில் கேள்வி கேட்கிற பிள்ளை நம்மிடம் வந்ததும் ஏன் வாயை மூடிக்கொள்கிறது என்பதே நாம் யோசிக்க வேண்டியது.

என் வகுப்பில் நடந்த ஒரு பேச்சைச் சொல்கிறேன். கடலுக்குப் போகிற குடும்பத்துப் பையன், வருகைப்பதிவு எடுக்கும்போது எழுந்து, "டீச்சர், எங்கப்பா வலை கிழிஞ்சிபோச்சு" என்றான். "சரி, உட்காருப்பா" என்றால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

"அடடா, எப்படிக் கிழிஞ்சுது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நண்டு கடிச்சிட்டு" என்றான்.

"நண்டு வலையைக் கடிக்குமா! எனக்குத் தெரியாதே."

"கடிக்கும். இப்படி, ரெண்டு கொடுக்கால."

பக்கத்திலிருந்த சிறுமி, "எங்க தாத்தா தங்கூஸ் வச்சிருக்காங்க, தச்சிருவாங்க" என்றாள். "தங்கூஸ்னா என்ன?" என்று வயல் பக்கத்துப் பிள்ளை ஒன்று கேட்டது. பிள்ளையைப் பார்த்துப் பிள்ளை கேட்ட கேள்வி அது. அதற்கான விளக்கத்தையும் பிள்ளைகளே சொன்னார்கள்.

இதில் பெரிய உத்தி எதுவும் இல்லை. பிள்ளை தொடங்கிய பேச்சை நாம் மாற்றவில்லை. "எப்படி" என்று கேட்டோம். பதிலுக்குக் காத்திருந்தோம். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன. "தெரியாது" என்பது குறைந்தது. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிப் பாருங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தெரியும். பிள்ளைக்கு அது சொல் தேடும் நேரம்.

அடுத்து, வீட்டுமொழி. நம் பகுதியில் ஒரு வீட்டில் குழம்பு, இன்னொரு வீட்டில் ஆணம். அம்மா என்பவர் சில வீடுகளில் உம்மா. "உம்மா மீனாணம் வச்சாங்க" என்று பிள்ளை சொல்லும்போது, "மீன்குழம்புன்னு சொல்லு" என்று திருத்தினால், தன் வீட்டுப் பேச்சே தவறு என்று அது எடுத்துக்கொள்ளும். "அப்படியா, மீனாணத்துல என்னல்லாம் போட்டாங்க?" என்று கேட்டால் மாங்காய், புளி, தேங்காய்ப்பால் என்று பேச்சு நீளும். பொதுச்சொல்லை நம் பேச்சில் சேர்த்துச் சொன்னால் போதும். கேட்டுக் கேட்டுப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். ஆங்கிலச் சொற்களும் அப்படியே. அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் (2022) தாய்மொழிப் பேச்சிலிருந்தே தொடங்கச் சொல்கிறது.

"முப்பது பிள்ளைகளோடு இதற்கு நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முப்பது பேரோடும் தினமும் பேச முடியாது. நாளுக்கு மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு வாரத்தில் பத்து வேலைநாளில் முப்பது பேரையும் தொட்டுவிடலாம். கை கழுவ வரிசையில் நிற்கும்போதும் மதிய உணவின்போதும் ஐந்து நிமிடம் போதும். பேசிய பிள்ளையின் பெயருக்கு எதிரே நோட்டில் ஒரு புள்ளி வையுங்கள். மாத முடிவில் யார் பெயருக்கு எதிரே புள்ளியே இல்லை என்று பாருங்கள். பெரும்பாலும் அது கடைசி வரிசையில் சேட்டை செய்யாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாக இருக்கும்.

அந்தப் பிள்ளைக்காகத்தான் இவ்வளவும் பேசுகிறேன். "மந்தம்", "வாய் திறக்காது" என்று நான்கு வயதில் நாம் வைக்கும் பெயர், பிள்ளையோடு ஒன்றாம் வகுப்புக்கும் போகிறது. அங்கே யாரும் அதனிடம் கேள்வி கேட்பதில்லை. அப்படி எழுதுமுன் இரண்டைச் சரிபாருங்கள். முதலில், காது கேட்கிறதா? பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டுப் பாருங்கள். ஐயமிருந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். இரண்டாவது, பதில் ஒரே சொல்லில் முடியாத கேள்வி ஒன்றை நாம் அதனிடம் கேட்டிருக்கிறோமா?

நாளைக் காலை வகுப்புக்குப் போனதும், உங்கள் நோட்டில் புள்ளி விழாத ஒரு பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். "நேத்து வீட்டுல என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மூன்று விநாடி காத்திருங்கள்.