வீட்டுக் கணினியைக் காக்கும் வழிகள்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? அடுத்த வயல்காரரை அழைத்துக் காட்டுகிறோம். பயிரில் புழு கண்டால், அனுபவமுள்ள முதியவரிடம் ஓர் இலையைக் கொண்டுபோய்க் கேட்கிறோம். ஒருவர் அறிந்ததை மற்றவருக்குச் சொல்லித் தருவது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு இருந்துவரும் நல்வழக்கம். ஆனால், அண்மைக் காலத்தில் நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்துள்ள ஒரு சாதனத்தைப் பொறுத்தவரை இவ்வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. அச்சாதனம் கணினியே ஆகும்.

தமிழ்நாட்டரசு 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவ மாணவியர்க்கு விலையின்றி மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. கிராமத்துக் குடும்பங்கள் பலவற்றில் கணினி அடியெடுத்து வைத்தது அவ்வாறுதான். இன்று பட்டாவையும் சிட்டாவையும் வீட்டிலிருந்தே இணையத்தின் வழியாகப் பார்த்துக்கொள்ள இயலும். ஊராட்சியின் திட்டங்களும் கணக்குகளும் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் தளத்தில் பதிவாகின்றன. இவ்வளவு காரியங்கள் கணினியைச் சார்ந்திருக்க, அதனைப் பேணும் முறையை மட்டும் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. சிறு கோளாறு நேர்ந்தாலும் நகரத்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறோம்; அல்லது பரணில் போட்டுவிடுகிறோம்.

இக்குறையை நீக்க எண்ணி, எங்கள் ஊரில் நாங்கள் சிலர் சேர்ந்து கணினி ஆர்வலர் மன்றம் ஒன்றை நடத்திவருகிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஊர் நூலகத்தில் கூடுவோம். எங்களுள் பொறியியல் பட்டம் பெற்றவர் எவரும் இலர். விவசாயிகள் சிலர், மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழிலாளி ஒருவர், ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியர் ஒருவர், கல்லூரி மாணவியர் இருவர் ஆகியோரே உறுப்பினர்கள். அனுபவத்தில் நாங்கள் கற்றவற்றுள் சிலவற்றைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முன்னோடியான ஒரு சங்கம்

இத்தகைய மன்றம் புதுமையானதன்று. வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க கணினி தோன்றிய காலத்திலேயே ஆர்வலர் சங்கமும் தோன்றிவிட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க் என்னும் ஊரில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் நிறுத்தும் கொட்டகையில், 1975-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் ஆர்வலர்கள் கூடினர். ‘ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்’ எனப் பெயர் பெற்ற சங்கத்தின் முதற்கூட்டம் அதுவே. அக்காலத்தில் வெளிவந்திருந்த ஆல்டேர் 8800 என்னும் கணினி திரையோ விசைப்பலகையோ இல்லாமலே விற்கப்பட்டது. முகப்பிலுள்ள சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளிக் கட்டளையிட வேண்டும். சிறு விளக்குகள் எரிவதைக் கொண்டு விடையை அறிய வேண்டும். தனியொருவர் அதனைக் கற்றுத் தேறுவது அரிது. ஆகவே, பலர் கூடிக் கற்றனர்.

அச்சங்கத்தின் கூட்டங்களை நடத்திவந்த லீ ஃபெல்சன்ஸ்டைன் என்பவர் எளிய முறையொன்றைக் கைக்கொண்டார். முதற்பகுதியில் ஒவ்வொருவராக எழுந்து, தமக்குத் தெரிந்தது இன்னது, தமக்கு வேண்டுவது இன்னது எனச் சுருக்கமாகச் சொல்வர். அடுத்த பகுதியில், வேண்டியவர் தெரிந்தவரைத் தேடிச் சென்று பேசிக்கொள்வர். ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற உறுப்பினர் தாம் வடிவமைத்த ஆப்பிள் கணினியின் மின்சுற்றுப் படத்தைச் சங்கத்தாருக்குத் தாராளமாகவே வழங்கினார். 1986-ஆம் ஆண்டு வரை அச்சங்கம் கூடிவந்தது. அம்முறையையே நாங்களும் மேற்கொண்டோம். எங்கள் ஊரில் இத்தனை பேரிடம் இவ்வளவு அறிவு இருக்கிறது என்பதை அதன் பின்னரே உணர்ந்தோம்.

நாங்கள் இழந்தது

எனினும், எல்லாவற்றிலும் முதன்மையான பாடத்தை நாங்கள் ஒரு நட்டத்தின் மூலமாகவே கற்றோம். அதனை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் உறுப்பினரான விவசாயி ஒருவர் ஊரிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து குறித்துவந்தார். முதலாண்டுக் கணக்கை நீண்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். கணினி இருக்கும்போது நோட்டு எதற்கு என்று நாங்களே அவருக்கு யோசனை கூறினோம். அதன்பின் மூன்று ஆண்டுக் கணக்கு முழுவதும் அவர் வீட்டுக் கணினி ஒன்றிலேயே சேர்ந்தது. எந்த இடத்தில் தடுப்பணை கட்டினால் கிணறுகள் ஊறும் என்று ஊராட்சியில் ஆலோசனை நடந்தபோது, அக்கணக்கைத் தரும்படி கேட்டனர். அவர் கணினியை இயக்கினார். உள்ளிருந்து ‘டிக் டிக்’ என்ற ஓசை மட்டும் வந்தது. திரையில் ஒன்றும் தோன்றவில்லை. பழுது பார்ப்போர் இருவரிடம் காட்டியும் பயனில்லை.

புதிய வட்டு வாங்கினோம். கணினி மீண்டும் ஓடிற்று. ஆனால், சென்ற ஆண்டுக் கிணற்று நீரை இவ்வாண்டு அளக்க முடியுமா? நோட்டில் எழுதிய முதலாண்டுக் கணக்கு மட்டுமே மிஞ்சியது. ஓராண்டுக் கணக்கைக் கொண்டு உறுதியாக ஒன்றும் கூற இயலாத நிலையில் ஊராட்சி முடிவெடுக்க நேர்ந்தது. பொறி போனால் பணம் கொடுத்து வேறு வாங்கலாம். அதனுள் இருந்த எழுத்துப் போனால் எங்கும் வாங்க முடியாது என்பதை அன்று உணர்ந்தோம்.

மூன்று பிரதிகள்

கணினியிலுள்ள வன்தட்டு நிமிடத்திற்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல்வது. அதனைப் படிக்கும் முனை மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில் மிதந்து செல்கிறது. ஓர் அதிர்ச்சி போதும், அது கெடுவதற்கு. அசையும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகை அதிர்ச்சியைத் தாங்கும், வேகமும் மிகுதி. ஆயினும், அதுவும் முன்னறிவிப்பின்றி நின்றுபோவதுண்டு.

விதை நெல் முழுவதையும் ஒரே குதிரில் வைக்கும் விவசாயி உண்டோ? அதே விவேகம் இங்கும் வேண்டும். முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் இருத்தல் நலம். ஒன்று கணினியில், இரண்டாவது, வெளியே இணைத்துக் கழற்றக்கூடிய தனி வட்டில், மூன்றாவது, வேறிடத்தில். உறவினர் வீட்டில் வைக்கும் மற்றொரு வட்டாகவோ இணையச் சேமிப்பாகவோ அம்மூன்றாவது இருக்கலாம். தீயோ வெள்ளமோ திருட்டோ நேர்ந்தால் வீட்டிலுள்ள இரண்டும் ஒருசேரப் போய்விடுமன்றோ?

பிரதி எடுத்து முடித்ததும் வெளிவட்டைக் கழற்றிவிட வேண்டும். இணைத்தபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நச்சுநிரல் புகும்போது அதுவும் பூட்டப்பட்டுவிடும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதும் அவசியம். திறக்க முடியாத பிரதி பிரதியே அன்று.

மின்சாரமும் தூசியும்

எங்கள் காயில் கட்டும் தொழிலாளி கற்பித்த பாடம் இது. கணினியின் உலோகப் பகுதியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று உறைத்தால், வீட்டில் எர்த் இணைப்புச் சரியில்லை என்று ஐயுற வேண்டும். மூன்று முனைப் பிளக்கின் நீண்ட முனையை ஒடித்துவிட்டு இரண்டு துளைச் சாக்கெட்டில் செருகுவது பேராபத்து. எர்த் குழியில் கோடைக்காலத்தில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றிவர வேண்டும். மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். பொருத்தினால், மின்சாரம் திடீரென நிற்கும்போது வேலையைச் சேமித்து முறையாக நிறுத்தச் சில நிமிடங்கள் கிடைக்கும். ஆனால், இடி மின்னலிலிருந்து அது காப்பாற்றும் என நம்பியிருத்தல் கூடாது. வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடுதல் வேண்டும்; இணையக் கம்பியையும் கழற்ற மறத்தலாகாது. மின்னலின் வேகம் அவ்வழியாகவும் வரும்.

வெப்பமும் தூசியும் கணினியின் ஆயுளைக் குறைப்பவை. மெத்தையின்மேல் வைத்தால் மடிக்கணினியின் காற்றுத் துளைகள் அடைபடும். பூவேலை செய்த துணியால் கணினியைப் போர்த்தும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நிறுத்திய பிறகு போர்த்தலாம், ஓடும்போது கூடாது. நெல் தூற்றும் காலத்தில் கணினி உள்ள அறையின் சாளரத்தை மூடி வைக்க வேண்டும். தூசியை ஊதி எடுக்கும்போது முதலில் மின் இணைப்பை நீக்கி, உள்விசிறி சுழலாதவாறு ஒரு குச்சியால் மெல்லப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் எழுதிச் சேமித்தல்

தட்டச்சு ஆசிரியர் எங்களுக்கு மற்றோர் இழப்பைச் சுட்டிக்காட்டினார். பல்லாண்டுகளுக்கு முன் பழைய எழுத்துரு முறைகளில் அடித்துவைத்த தீர்மானங்களும் விண்ணப்பங்களும் வேறு கணினியில் புரியாத குறிகளாகத் தோன்றுகின்றன. அந்த எழுத்துரு உள்ள இடத்தில் மட்டுமே அவை தமிழ். ஒருங்குறியாகிய யூனிகோடில் அடித்தால் எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் படிக்கலாம். ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடியும் எடுக்கலாம். தமிழ்நாட்டரசும் 2010-ஆம் ஆண்டில் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. 1999-ஆம் ஆண்டில் அரசு ஒப்புக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகையில் பழகினால் விரைவாக அடிக்க இயலும். பழைய கோப்புகளை மாற்றித் தரும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. அவற்றை இப்போதே மாற்றிவைத்தல் நன்று.

கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களை முதலில் இடுவதும் அவர் கூறிய உபாயம். அவ்வாறு இட்டால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். தேடும் தொல்லை குறையும்.

பழைய கணினிக்குப் புது வாழ்வு

விண்டோஸ் 10 இயக்குதளத்திற்கான பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்த பதிப்பைப் பழைய கணினிகள் பல ஏற்பதில்லை. அதனால் அவற்றைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை என்று எங்கள் மாணவியர் காட்டினர். லினக்ஸ் வகை இயக்குதளங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. நம் நாட்டுச் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்பதும் அவ்வகையே. பலவற்றைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து, அச்சுப்பொறியும் இணையமும் வேலை செய்கின்றனவா என அறிந்தபின் நிறுவலாம். நிறுவுமுன் கோப்புகளுக்குப் பிரதி எடுத்தல் கட்டாயம். பழைய வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினால் ஊர்ந்த கணினியும் நடைபோடும்.

வஞ்சகரிடம் எச்சரிக்கை

பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண்ணை இட வேண்டியதே இல்லை; பணம் அனுப்புவதற்கே அது வேண்டும். இதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். அரசு உதவித்தொகைப் பட்டியல் என்ற பெயரால் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறத்தலாகாது. பழுது நீக்குவதாகச் சொல்லித் தொலைவிலிருந்து நம் கணினியை இயக்க அனுமதி கேட்போருக்கு இணங்கலாகாது. ஏமாற நேர்ந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ, பணத்தை இடைவழியில் நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு மிகுதி.

ஊராட்சிப் பொறுப்பிலுள்ளோருக்குத் தனியே ஒரு வேண்டுகோள். ஊராட்சிப் பணம் வழங்கப் பயன்படும் மின்னணுக் கையொப்பச் சாதனத்தையும் அதன் இரகசிய எண்ணையும் பிறரிடம் ஒப்படைத்தல் கூடாது. தொகை எழுதாத காசோலையில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு அது ஒப்பாகும். எனக்குக் கணினி தெரியாது, அவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்வது பொறுப்பைத் துறப்பதாகும். தெரியாததைக் கற்பதற்கே மன்றம் இருக்கிறது.

தங்கள் ஊரிலும் தொடங்குக

மன்றம் தொடங்கப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. நூலகமோ பள்ளியறையோ போதும். மாதம் ஒரு மாலை, ஒரு மேசை, பழுதான கணினி ஒன்று, பத்துப் பேர் இருந்தால் போதுமானது. ஒவ்வொருவரும் தெரிந்ததையும் வேண்டுவதையும் சொல்லட்டும். சொல்லப்பட்டதை ஒருவர் நோட்டில் எழுதி வைக்கட்டும். ஊராட்சியின் அலுவலகக் கோப்புகளும் பிறருடைய கடவுச்சொற்களும் அம்மேசைக்கு வருதல் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் உறுதியாகக் கடைப்பிடித்தல் வேண்டும். பெண்களும் இளைஞர்களும் தயங்காமல் கேட்கும்படி சூழ்நிலை அமைதல் வேண்டும்.

எங்கள் விவசாய நண்பர் கிணறுகளை மீண்டும் அளக்கத் தொடங்கிவிட்டார். இம்முறை கணக்கு நோட்டிலும் இருக்கிறது, கணினியிலும் இருக்கிறது, நூலகத்து அலமாரியிலுள்ள வட்டிலும் இருக்கிறது. இழந்த மூன்று ஆண்டுகள் திரும்பப் போவதில்லை. ஆனால், அவ்விழப்பு தங்கள் ஊரிலும் நேர வேண்டியதில்லை. இன்று வீடு திரும்பியதும், இழந்தால் திரும்பப் பெற முடியாதது தங்கள் கணினியில் எது என்று எண்ணிப் பார்த்து, உறங்கச் செல்லுமுன் அதற்கு ஒரு பிரதி எடுத்துவிடுமாறு கேட்டு அமைகிறோம்.