காலை எட்டரை மணிக் கணக்கு

வானிலைத் துறையின் மழைமானியில் தண்ணீரை அளப்பது தினமும் காலை 8.30 மணிக்கு. 2023 டிசம்பர் 18 அன்று, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குப் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் அளந்தபோது, 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்! தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் மழையைவிட அது அதிகம். அந்த வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது நினைவிருக்கும்.

ஒரு மழையை வைத்து, மழையின் போக்கு மாறிவிட்டதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீண்டகாலக் கணக்கு வேண்டும். நர்மதை, மகாநதி பாயும் மத்திய இந்தியாவுக்கு அது உண்டு. 1951 முதல் 2000 வரையிலான பருவமழைப் பதிவுகளை அலசி, ஆய்வாளர் பி.என். கோஸ்வாமியின் குழு 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. மொத்த மழை பெரிதாக மாறவில்லை. ஆனால் கொட்டித் தீர்க்கும் மழை கூடியிருந்தது, மிதமான மழை குறைந்திருந்தது. சராசரியை மட்டும் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரிதான்! காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். கொட்டித் தீர்க்கும் மழை கூடியதற்கு ஒரு முக்கியக் காரணம் இது.

நிதானமாகப் பெய்தால் கிணறு ஊறும். ஒரே நாளில் கொட்டினால் குளத்துக் கரை உடையும். உங்கள் ஊர்க் குளத்தில் உபரி நீர் வெளியேறும் மறுகால் அடைந்து கிடந்தால், ஐப்பசிக்கு முன்பே ஊராட்சியில் சொல்லித் தூர்வார வையுங்கள்.