முழு உண்மையையும் சொல்வோம்

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 13-ஆம் ஞாயிறு, மாற்கு 5:21-43)



பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய ஒரு பெண்ணை இன்றைய நற்செய்தியில் சந்திக்கிறோம். மருத்துவர் பலரிடம் போய், கையிலிருந்ததை எல்லாம் செலவழித்தும் அவருக்கு நோய் கூடியதே தவிர குறையவில்லை. கூட்டத்தில் மறைந்து வந்து இயேசுவின் ஆடையைத் தொட்டார்; நலம் பெற்றார். ஆனால் இயேசு அவரை அப்படியே போகவிடவில்லை. தம்மைத் தொட்டது யார் என்று நின்று கேட்டார். அப்பெண் நடுங்கியபடி முன்வந்து, நடந்ததை எல்லாம் சொன்னார். யாயீரின் மகள் சாகக் கிடந்த அந்த அவசரத்திலும், இயேசு நின்று கேட்டார்.

இப்படி உடம்போடு தனியே போராடும் பெண்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். காலையில் எழ முடியாத அசதி. சாப்பிடுவது கொஞ்சம், உடம்போ ஊதிக்கொண்டே போகிறது. முடி கொட்டுகிறது. மற்றவர்களுக்கு வியர்க்கும்போது இவருக்குக் குளிர்கிறது. மாதவிலக்கு தவறுகிறது. காரணம் தெரியாமல் அழுகை வருகிறது. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். அக்கம்பக்கத்தில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார்கள். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மந்தமாகியிருக்குமோ என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது. கல்வராயன் மலை ஊர்களிலிருந்து ஓர் இரத்தப் பரிசோதனைக்காகக் கீழே இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் இன்னும் தள்ளிப்போகிறது.

மலை மண்ணிலுள்ள அயோடினை மழை அரித்துக்கொண்டு போய்விடும். ஆகவே கழுத்துக் கழலை மலைநாடுகளில் நெடுங்காலமாக அறியப்பட்ட நோய். இதைத் தடுக்க இந்திய அரசு 1962-இல் ஒரு திட்டம் தொடங்கி, உப்பில் அயோடின் சேர்க்க வழிசெய்தது. நம் பகுதியில் விளையும் மரவள்ளியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அயோடின் குறைந்த உடம்புக்கு அதுவே முக்கிய உணவானால், அது சுரப்பியின் வேலையைத் தடுக்கும். நன்றாக வேகவைத்து, நீரை வடித்து, அயோடின் உப்பும் மற்ற உணவும் சேர்த்து உண்டால் பயமில்லை. நல்ல உப்பு வாங்கும் வீடுகளிலும் இந்நோய் வருகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதுண்டு. எனவே பாவத்தையும் செய்வினையையும் இதில் தேட வேண்டாம்.

இச்சுரப்பி தரும் தைராக்சினை எட்வர்ட் கெண்டல் என்ற அமெரிக்க அறிவியலாளர் முதன்முதலில் பிரித்தெடுத்த நாள் 1914 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு விழா. இன்று அது சிறு மாத்திரையாக நம் கைக்கு வருகிறது. மருத்துவரையும் மருந்தையும் கடவுளின் கொடையாக மதிக்கச் சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது.

இந்த மருந்துக்குப் பொறுமை வேண்டும். அளவை மாற்றினால், அது சரிதானா என்று தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். அதிகம் என்று பார்த்ததும், மருந்து கூடிவிட்டது என்று சிலர் தாங்களே குறைத்துவிடுகிறார்கள். டி.எஸ்.எச். என்பது மூளையடியிலுள்ள சுரப்பி தைராய்டைக் கூப்பிடும் குரல். தைராய்டு மந்தமானால் குரல் உயரும். ஆகவே அந்த எண் கூடினால் பெரும்பாலும் மருந்து போதவில்லை என்றே பொருள்.

மருத்துவர் முன் உட்காரும்போது, அப்பெண்ணைப் போல் நாமும் முழு உண்மையைச் சொல்வோம். எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போனது, காபியோடு விழுங்கினோமா, சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் இடைவெளி விடாமல் சாப்பிட்டோமா, முடிக்கென்று வேறு சத்து மாத்திரையோ நாட்டு மருந்தோ எடுத்தோமா என்று எல்லாம் சொல்வோம். கருவுற்றிருந்தால் உடனே சொல்வோம். குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு தேவை. நெஞ்சு படபடத்தாலும், கை நடுங்கினாலும், தூக்கம் போனாலும், மருந்து கூடியிருக்கலாம். அளவு சரியாக இருந்தும் அசதி தீரவில்லை என்றால் அதையும் சொல்வோம். இரத்தச் சோகையோ, சர்க்கரையோ, மனத்தில் புதைத்த துயரமோ காரணமாக இருக்கலாம். எல்லாப் பழியையும் தைராய்டின் மேல் போட வேண்டியதில்லை.

காலைத் திருப்பலிக்குச் செல்வோர் நோன்பு கெடும் என்று மாத்திரையை விட வேண்டாம். நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை என்பது திருச்சபைச் சட்டம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, பிறகு திருப்பலி, வீடு திரும்பிக் காபி. மருந்துக்கும் அதுவே நல்லது.

குணமளிக்கும் வழிபாட்டுக்குப் பின் மாத்திரையை நிறுத்துவதே விசுவாசம் என்று சிலர் நினைக்கிறார்கள். நிறுத்திய ஒரு வாரத்திலும் ஏறத்தாழ பாதி மருந்து உடம்பில் இருக்கும். அதனால் நலமாகிவிட்டது போல் தோன்றும். தளர்ச்சி பிறகு மெல்ல வரும். தொழுநோயாளரைக் குணமாக்கிய இயேசு, குருவிடம் போய்க் காட்டச் சொன்னார். யாயீரின் மகளை எழுப்பிய பின், அவளுக்கு உண்ணக் கொடுக்கச் சொன்னார். புதுமை நடந்த வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். நலமானதாக உணர்ந்தால், அதை மருத்துவரிடம் சோதித்து உறுதி செய்வோம். அதுவரை மருந்தைத் தொடர்வோம்.

கூட்டமாக நிற்கும் நமக்கும் இன்று ஒரு பணி உண்டு. கள்ளக்குறிச்சியில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கு தனியே போகத் தயங்கும் ஒரு சகோதரிக்கு நம் அன்பியத்திலிருந்து ஒருவர் துணைபோகலாம். வீட்டில் மனைவியோ அம்மாவோ உடம்பு முடியவில்லை என்றால், பதில் சொல்லும் முன் அவர் சொல்லி முடிக்கட்டும். அவரை நம்புவோம்.

இறைவா, எங்கள் உடல்களை நீர் அறிவீர். மருத்துவருக்கு ஞானத்தையும், நோயுற்றோருக்குப் பொறுமையையும், உடனிருப்போருக்குக் கேட்கும் செவியையும் தாரும். ஆமென்.