மயக்க மருந்தும் உயிர்ச்சத்தும்

அறுவைச் சிகிச்சையின்போது பயன்படும் மயக்க மருந்துகளுள் எட்டோமிடேட் ஒன்று. இரத்த அழுத்தத்தை அதிகம் குறைக்காதது அதன் சிறப்பு. ஆயினும், நோயையும் காயத்தையும் தாங்கும் வலிமையை உடலுக்கு அளிக்கும் கார்ட்டிசோல் என்னும் ஹார்மோன் சுரப்பதை அம்மருந்து சில மணி நேரம் தடுக்கிறது. கடும் நோயாளிகளுக்கு இடைவிடாது செலுத்தியபோது இறப்பு மிகுந்ததை மருத்துவர்கள் 1983இல் சுட்டிக்காட்டினர். பின்னர் அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

உயிர்ச்சத்து 'சி' இக்குறையைப் போக்குமா என்றும் ஆராய்ந்தனர். எனினும், அது உறுதியான பரிகாரமாக ஏற்கப்படவில்லை. ஆகவே, கடையில் மாத்திரை வாங்கி உண்பது காப்பாகாது.

ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்போருக்கு இச்சுரப்பு முன்பே குன்றியிருக்கலாம். நம்மில் அத்தகையோர் மாத்திரையைத் தாமே நிறுத்தலாகாது. உண்ணும் மருந்து அனைத்தையும் மயக்க மருத்துவரிடம் மறையாது கூறுவோம், உயிரைக் காப்போம்.